ஆணைப்படி அனுப்பப்படுகிறது

இரவு 9:47 முதல் 9:51 வரை 38 மின்னஞ்சல்கள் போயிருந்தன. அனுப்பியவர் என்ற இடத்தில் 38 வரியிலும் ஒரே பெயர். எங்கள் கணக்குப் பிரிவில் 17 வருடமாக வேலை செய்யும் அக்காவின் பெயர். அந்த நேரத்தில் அவர் திருப்பூரில் மகள் வீட்டில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

கோவையில் பம்புகளுக்கான உதிரி பாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. கம்ப்யூட்டர், சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான். சென்ற வருடம், சொன்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் மென்பொருளான ஒரு ஏஐ ஏஜென்ட்டை வாங்கி மாட்டினோம். பாக்கி வைத்திருக்கும் பார்ட்டிகளுக்கு நினைவூட்டல் எழுதுவது, பில்லையும் வங்கி வரவையும் ஒத்துப் பார்ப்பது மாதிரியான வேலைகளுக்கு. அன்று மாலை கிளம்பும் முன் அக்கா அதனிடம் சொன்னது ஒரு வரிதான். 90 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பு. அது அனுப்பியது. அதோடு, ஆறு பேருக்கு “பணம் வந்து சேரும்வரை சரக்கு அனுப்பப்படாது” என்று தானாக ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆறு பேரில் ஒருவர் போன வாரமே பணம் கட்டியவர். எங்கள் பக்கம்தான் வரவு வைக்காமல் கிடந்தது. 20 வருடமாக எங்களிடம் வாங்குகிறவர்.

மறுநாள் காலை முதலாளி அறையில் ஒரே கேள்வி. யார் அனுப்பியது?

“நான் அனுப்பலீங்க. அதுதானுங்க அனுப்புச்சு” என்றார் அக்கா.

யார் என்ன செய்தார் என்று கம்ப்யூட்டரில் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தார்கள். அக்காவின் பெயர் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கையில் மெமோ.

இதில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். ஏஜென்ட்டை நிறுவியபோது, எந்த லாகினில் ஓட வேண்டும் என்று கேட்டது. அதற்கென்று தனி யூசர் உருவாக்கினால் கூடுதல் லைசென்ஸ், மேலிடத்து அனுமதி, இரண்டு வாரம் காத்திருப்பு. அக்காவின் பாஸ்வேர்டையே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தது நான். அக்காவும் நம்பிக் கொடுத்தார். அன்றைக்கு அது எனக்கு ஒரு முடிவாகக்கூடத் தெரியவில்லை.

அவர் அனுப்பவில்லை என்று காட்ட எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் கிடைத்த ஆதாரம் வேகம் மட்டும்தான். நான்கு நிமிடத்தில் 38 பேருக்கு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பில் எண்ணும் தொகையும் போட்டு, எந்த மனிதராலும் எழுத முடியாது. ஏஜென்ட் கொஞ்சம் நிதானமாக, மின்னஞ்சலுக்கு ஐந்து நிமிடம் எடுத்து அனுப்பியிருந்தால் அந்தச் சாட்சியும் இருந்திருக்காது. அக்கா பொய் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்திருப்பேனோ என்னவோ. அதை நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது எங்கள் குடும்பத்துப் பவர் பத்திரம்.

சித்தப்பா மஸ்கட்டில் இருந்தார். அவர் பங்கு நிலத்தை விற்க அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். கிரயப் பத்திரத்தில் நிலத்தை விற்பவர் சித்தப்பாதான். ஆனால் கையெழுத்துப் போட்டது அப்பா, தன்னுடைய சொந்தக் கையெழுத்தை. “இன்னாருக்காக அவருடைய பவர் ஏஜென்ட் இன்னார்” என்று இரண்டு பெயரும் பத்திரத்தில் இருந்தன. அப்பா சித்தப்பாவின் கையெழுத்தைப் போட்டிருந்தால்? அண்ணன் தம்பிதானே, சித்தப்பா சம்மதத்தோடுதானே என்று சொல்ல முடியுமா? சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குப் பெயர் கள்ளக் கையெழுத்து.

நான் அலுவலகத்தில் செய்தது அதைத்தான். ஏஜென்ட் என்ற சொல்லே நம் ஊரில் எத்தனையோ வருடமாகப் புழங்குகிறது. ஏஜென்ட் என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1872-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182-வது பிரிவு, இன்னொருவருக்காக ஒரு செயலைச் செய்யவோ மூன்றாம் நபர்களிடம் அவர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவரே ஏஜென்ட் என்கிறது. தான் செய்வதாக ஏற்ற வேலையை ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு இன்னொருவரிடம் தள்ளிவிடக் கூடாது என்கிறது 190. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது, அது 201. பவரை ரத்து செய்தால், அந்த ரத்து ஏஜென்ட்டுக்குத் தெரியவரும்போதுதான் அவரைக் கட்டுப்படுத்தும், வெளியாட்களுக்குத் தெரியவரும்போதுதான் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்கிறது 208. இந்தப் பிரிவுகளை வரிசையாகப் படித்தபோது, இன்றைக்கு ஏஐ ஏஜென்ட்டுகளைப் பற்றிப் பாதுகாப்புப் பொறியாளர்கள் மல்லுக்கட்டும் கேள்விகளின் பட்டியலைப் படிப்பது போலவே இருந்தது. துணை ஏஜென்ட்டை உருவாக்க இதற்கு அனுமதி உண்டா? வேலையை விட்டுப்போன ஊழியரின் ஏஜென்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்தால் எல்லாச் சர்வருக்கும் அது எப்போது தெரியும்?

ஒரு வேறுபாடு உண்டு. அந்தச் சட்டம் ஏஜென்ட்டை ஒரு மனிதராகவே பார்க்கிறது. மென்பொருளை அந்த இடத்தில் வைத்து அது பேசவில்லை. ஆனாலும், வேலை செய்கிறவரும் யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவரும் வேறு வேறு ஆட்கள், இருவரும் தெரிய வேண்டும் என்ற அடிப்படை அங்கே இருக்கிறது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. இணையத்துக்கான பொதுவான தரங்களை எழுதுகிற ஐஇடிஎஃப் அமைப்பு, உள்ளே போக அனுமதிச் சீட்டு மாதிரி பயன்படும் டோக்கன்களைப் பற்றி 2020 ஜனவரியில் ஆர்எஃப்சி 8693 என்ற ஆவணத்தை வெளியிட்டது. ஏஐ ஏஜென்ட் என்ற பேச்சு பெரிதாகக் கிளம்புவதற்கு முன்பே. ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுவதை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, நான் நீயாகவே வேடம் போட்டு உள்ளே போவது. அங்கே என் சுவடே இருக்காது. இன்னொன்று, நான் நானாகவே இருந்துகொண்டு உன் சார்பில் போவது. இரண்டாவது முறையில் டோக்கனுக்குள் இரண்டு இடம் இருக்கும். ‘சப்’ என்ற இடத்தில் யாருக்காக என்பது. ‘ஆக்ட்’ என்ற இடத்தில் யார் செய்கிறார் என்பது. அந்த ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டிடம் வேலையைக் கொடுத்தால், ஆக்டுக்குள் இன்னொரு ஆக்ட் என்று சங்கிலியாகச் செருகிக்கொண்டே போகலாம்.

இதைப் படித்ததும் எனக்கு அரசாணை ஞாபகம் வந்தது. அம்மா தாலுகா ஆபீசில் இருந்தவர், வீட்டில் அந்தத் தாள்களைப் பார்த்தே வளர்ந்தேன். தமிழ்நாடு அரசாணையின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று இருக்கும். கீழே துறைச் செயலாளரின் பெயர். பெறுநர் பட்டியல் முடிந்த பிறகு, இரட்டைச் சாய்கோடுகளுக்கு நடுவே ‘ஆணைப்படி அனுப்பப்படுகிறது’. அதற்குக் கீழே பிரிவு அலுவலரின் கையெழுத்து. அதிகாரம் யாருடையது, ஆணையிட்டவர் யார், இந்தத் தாளை உங்களுக்கு அனுப்பியவர் யார், மூன்றும் தெரிந்துவிடும். பிரிவு அலுவலர் ஆளுநரின் பெயரில் கையெழுத்துப் போடுவதை யாராவது கற்பனை செய்ய முடியுமா? ஆனால் இன்று எத்தனையோ அலுவலகங்களில் ஏஐ ஏஜென்ட்டுகள் அப்படித்தான் ஓடுகின்றன.

ஏன் இப்படி என்றால், எளிது என்பதுதான் காரணம். மென்பொருளுக்கு மென்பொருள் பேச நாம் எப்போதும் ஒரு சாவியைக் கொடுத்துப் பழகிவிட்டோம். ஏபிஐ என்ற இணைப்பு வழிக்கான சாவி, டோக்கன், பொதுக் கணக்கு, எதுவானாலும் சரி, சாவிக்கு முகம் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் திறக்கும். 2025 ஆகஸ்டில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற ஏஐ அரட்டைச் செயலி, வாடிக்கையாளர் நிறுவனங்கள் தங்கள் விற்பனை விவரங்களை வைத்திருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகளோடு இணைந்து வேலை செய்வது. அந்த இணைப்புக்கான டோக்கன்களை யாரோ திருடிவிட்டார்கள். ஆகஸ்ட் 8 முதல் 18 வரை அந்த டோக்கன்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுவனத்தின் தரவாகப் பிரித்து எடுத்தார்கள். 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிப்புக்கு உள்ளாகியிருக்கலாம் என்று கூகுள் சொன்னது. கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ், இசட்ஸ்கேலர் எல்லாம் அதில் உண்டு. பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்கள்! உள்ளே வந்தது எந்தக் கதவையும் உடைக்கவில்லை. டிரிஃப்டின் சாவியோடு வந்ததால், சர்வர்கள் அதை டிரிஃப்ட் என்றே நம்பி வழிவிட்டன.

தனி அடையாளம் என்று நான் சொல்வது பெயர்ப் பலகையை மட்டும் இல்லை. பெயரை யாரும் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குரியதுதான் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்கும் கையெழுத்து வேண்டும், கொஞ்ச நேரமே செல்லும் அனுமதி வேண்டும், எதற்கு அனுமதி என்ற எல்லை அதிலேயே எழுதியிருக்க வேண்டும். நம் கையில் இருக்கும் யுபிஐ சர்க்கிள் இதற்கு நல்ல மாதிரி. வீட்டில் ஒருவர் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் செலுத்த அனுமதி தரலாம். முழு அனுமதி என்றால் மாதத்துக்கு 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. அம்மாவுக்கு என் பின் நம்பரைச் சொல்லிவைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பின்னைச் சொல்லிவிட்டால் வரம்பும் இல்லை, யார் செலவழித்தது என்ற தடமும் இல்லை.

இதை எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. 2025 நவம்பரில் அமேசான், பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட் உலாவியில் இருக்கும் ஏஜென்ட், பயனருக்காக அமேசானில் பொருள் வாங்கிக் கொடுக்கும். அது தன்னை ஏஜென்ட் என்று காட்டிக்கொள்ளாமல், சாதாரண குரோம் உலாவியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் போல வருகிறது என்பது அமேசானின் புகார். பெர்ப்ளெக்ஸிட்டியின் பதில், ஏஜென்ட் பயனரின் கை மாதிரி, பயனருக்கு உள்ள அதே அனுமதி அதற்கும் உண்டு, தனியாக அறிவிக்க வேண்டியதில்லை என்பது.

அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. ஏஜென்ட் என்று சொன்ன உடனே கடைக்காரர் கதவைச் சாத்தலாம். விலையைக் கூட்டிக் காட்டலாம். தன் கடையின் சொந்த ஏஜென்ட்டை மட்டும் அனுமதித்து, மற்றவர்களுடையதை ஒழிக்கலாம். பெரிய கடைகளுக்கு அதற்கான காரணமும் இருக்கிறது, வாடிக்கையாளர் தானே வந்து சுற்றிப் பார்த்தால்தானே விளம்பரம் கண்ணில் படும். ஆனாலும் “நான் பயனரின் கை” என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் கை நான் சொல்லாத ஒரு வரியை யாருக்கும் எழுதாது. அக்காவின் ஏஜென்ட் எழுதியது. தானாக ஒரு முடிவெடுக்கக்கூடிய ஒன்றை, அது முடிவெடுத்த பிறகு வெறும் கை என்று சொல்வது நியாயமில்லை. பெயரைச் சொல்லட்டும். பெயரைச் சொன்ன ஒரே காரணத்துக்காக விரட்டக் கூடாது என்று சட்டம் கடைக்காரரிடம் சொல்லட்டும். நீ பவர் ஏஜென்ட், அதனால் உள்ளே வராதே என்று சார்பதிவாளர் அப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. பத்திரத்தைக் காட்டு என்றார், அவ்வளவுதான்.

இப்படிக் கட்டாயமாக்குவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு, பங்குச் சந்தையைப் பாருங்கள் என்பேன். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்தது, டவ் ஜோன்ஸ் குறியீடு கிட்டத்தட்ட 1,000 புள்ளி இறங்கிவிட்டு உடனே எழுந்தது. அந்த விற்பனையில் தானாக இயங்கும் கம்ப்யூட்டர் நிரல்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. நடந்தது என்ன என்று அரசு அமைப்புகள் அறிக்கை கொடுக்கச் செப்டம்பர் 30 ஆகிவிட்டது. அரை மணி நேரச் சம்பவத்துக்கு ஐந்து மாதத் தேடல். ஐரோப்பாவில் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த மிஃபிட் 2 என்ற நிதிச் சந்தை விதிகளின்படி, முதலீட்டு முடிவை நிறுவனத்துக்குள் எடுத்திருந்தால், எடுத்தது யார் என்று பரிவர்த்தனை அறிக்கையில் சொல்ல வேண்டும். அங்கே மனிதரின் குறியீட்டைப் போடலாம், அல்லது அல்காரிதத்தின் குறியீட்டைப் போடலாம். முடிவெடுத்தது நிரல் என்றால் நிரலின் பெயர்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் நம் செபியும் அதே வழிக்கு வந்துவிட்டது. சிறு முதலீட்டாளர்கள் நிரலை வைத்துத் தானாக வாங்கி விற்கும் அல்கோ வர்த்தகம் பற்றி 2025 பிப்ரவரி 4 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. அல்கோ மூலம் போகும் ஆர்டர்கள் எல்லாவற்றிலும் எக்ஸ்சேஞ்ச் கொடுத்த தனி அடையாள எண் இருக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. ஏபிஐ வழியாக அல்கோவைத் தருகிறவர் புரோக்கரின் ஏஜென்ட், புரோக்கர்தான் பிரின்ஸிபல், அதாவது ஏஜென்ட்டை அமர்த்தியவர் என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. அல்கோவுக்கு எண் உண்டு, அந்த எண்ணைப் பிடித்துப் போனால் கடைசியில் பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருக்கும். 1872-ஆம் வருடச் சட்டத்தின் சொற்கள் ஒரு நிரலைச் சுற்றி வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்த இரண்டாவது பகுதி இல்லாமல் முதல் பகுதி மட்டும் இருந்தால் ஆபத்து. ஏர் கனடா வழக்கைச் சொல்கிறேன். பாட்டி இறந்த துக்கத்தில் ஒருவர் டிக்கெட் எடுக்கப் போகிறார். இணையதளத்தில் இருந்த சாட்பாட், டிக்கெட் எடுத்த பிறகும் துக்கக் கட்டணச் சலுகைக்கு 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. அப்படி ஒரு விதியே கிடையாது. விமான நிறுவனம் பணம் தர மறுத்தது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பாக முடியாது என்று வாதிட்டது. சாட்பாட்டைத் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் போல ஆக்குகிற வாதம் இது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்தது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812.02 கனேடிய டாலர் தரச் சொன்னது. சிறிய தொகைதான், ஆனால் அந்த வாதம் ஜெயித்திருந்தால் என்னவாகியிருக்கும்? 2017-ல் ஐரோப்பிய நாடாளுமன்றமே, மிகவும் தேர்ந்த ரோபோக்களுக்கு ‘மின்னணு ஆள்’ என்ற தகுதியைத் தருவது பற்றி ஆராயலாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த வருடம் 150-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஏஜென்ட்டுக்குப் பெயர் வேண்டும் என்பதற்கும் ஏஜென்ட் ஒரு ஆள் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. லாரிக்கு நம்பர் பிளேட் வைப்பது லாரியை ஜெயிலில் போட இல்லை, உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்ட.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஒவ்வொரு ஏஜென்ட்டின் பின்னாலும் மனிதர் தெரிய வேண்டும் என்றால், யார் எந்த மருந்தைப் பற்றித் தேடினார், எந்த வழக்கறிஞரிடம் சந்தேகம் கேட்டார் என்பதெல்லாம் பெயரோடு பதிவாகிவிடாதா? ஆகும், கவனமில்லாவிட்டால். படிப்பதற்கும் தேடுவதற்கும் அடையாளம் கேட்கக் கூடாது. பணம் நகரும்போது, இன்னொருவருக்குக் கடிதம் போகும்போது, ஒரு பதிவு அழியும்போது கேட்கலாம். அப்போதும் எதிர்ப்பக்கத்தவருக்கு மனிதரின் பெயர் தெரியவேண்டியதில்லை. இதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், தேவைப்பட்டால் சட்டப்படி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற உறுதி போதும்.

சரி, எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். சம்பவத்துக்குப் பிறகு ஏஜென்ட்டுக்குத் தனி யூசர் போட்டேன். அதன் பாஸ்வேர்டு எந்த மனிதருக்கும் தெரியாது. காலையில் வேலை தொடங்கும்போது அனுமதி பிறக்கும், மாலை ஏழு மணிக்குச் செத்துவிடும். கணக்கைப் படிக்கலாம், கடித வரைவு எழுதலாம், ஐந்து பேருக்கு மேல் அனுப்ப வேண்டுமென்றால் ஒரு மனிதர் பார்த்து ஒப்ப வேண்டும். லாகில் இரண்டு கட்டம், செய்தது யார் என்பது ஒரு கட்டத்தில், யாருக்காக என்பது அடுத்த கட்டத்தில். கூடுதல் லைசென்ஸுக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்தது.

பெருமையாக அக்காவிடம் காட்டினேன். இரண்டாவது கட்டத்தில் தன் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“எம் பேரு எதுக்குங்க தம்பி?”

“உங்களுக்காகத்தானுங்க அக்கா அது வேலை செய்யுது.”

“அது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. பண்ணும்போது நிறுத்தவும் முடியாது. அப்புறம் எம் பேரு மட்டும் எதுக்கு அங்க நிக்கோணும்?”

என்னிடம் பதில் இல்லை. நான் பெயரைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். தனக்கு அடங்காத ஒன்றுக்கு ஒருவரின் பெயரைப் பொறுப்பாளராக எழுதினால், அடுத்த மெமோவுக்கு ஆளை இப்போதே தேர்ந்தெடுத்து வைப்பதாகத்தான் அர்த்தம். முன்பு ஏஜென்ட்டின் பெயர் இல்லாததால் அக்கா மாட்டினார், இனி முறைப்படி மாட்டுவார். அப்பாவுக்குக் கொடுத்த பவரை மஸ்கட்டிலிருந்தே ரத்து செய்ய சித்தப்பாவால் முடியும். அக்காவால் அந்த ஏஜென்ட்டை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கக்கூட முடியாது.

அதன் பிறகு இரண்டு வாரம் வேலை பார்த்தேன். இப்போது அக்காவின் திரையில் அது செய்யப்போவது தமிழில் வரிசையாக வரும். யாருக்கு, என்ன தொகை, கடிதத்தில் என்ன வாசகம். பக்கத்தில் நிறுத்து என்று ஒரு பொத்தான். அமுக்கினால் அந்த நொடியே அதன் அனுமதி ரத்தாகும், என்னையோ முதலாளியையோ கேட்க வேண்டியதில்லை. நிறுத்தியதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இப்பப் போட்டுக்கோங்க எம் பேர” என்றார். முதல் மாதத்தில் நான்கு தடவை நிறுத்தியிருக்கிறார். நான்கிலும் அவர் நிறுத்தியது சரி.

மெமோ மட்டும் இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது. நான் எழுதிய விளக்கக் கடிதத்தை அதன் பின்னால் வைத்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார்கள். விளக்கம் சேர்ந்தால் போதாது, மெமோவையே எடுக்க வேண்டும் என்று இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன். அந்த லாகினைக் கொடுத்தது நான்தான் என்பதை அதில் என் பெயரோடு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.